செயற்கை இதய வால்வில் ரத்தக்கட்டி

பழுதான வால்வை எடுத்துவிட்டு இதயத்தில் பொருத்திய உலோக வால்வின் மேல் ரத்தம் உறைந்து, அதன் தட்டு திறந்து மூட முடியாமல் சிக்கிக்கொள்வதே இந்த நிலை. தட்டு முழுவதுமாக மாட்டிக்கொண்டால் சில மணி நேரத்தில் நுரையீரலில் நீர் கோத்துவிடும். கட்டியிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து ஓடினால், மூளைக்குப் போய்ப் பக்கவாதமாகும்; கால் தமனியை அடைத்தால் காலே போகும். விலங்குத் திசுவால் செய்த வால்விலும் கட்டி வரும், ஆனால் குறைவு.

பணக்கார நாடுகளில் வால்வு மாற்றிக்கொள்பவர்களில் பெரும்பாலானவர்கள் முதியவர்கள். நம் ஊரில் இருபது, முப்பது வயதுக்காரர்கள் ஏராளம். காரணம், சிறு வயதில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டை வலி, அதைத் தொடர்ந்து மூட்டு மூட்டாக வீங்கும் ருமாட்டிக் காய்ச்சல், பிறகு இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மைட்ரல் வால்வு தடித்துச் சுருங்குவது. பல வருடங்கள் ஓடி வரும் நோய் இது. காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளைக்கு மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி தவறாமல் போட்டு வந்தால் வால்வு மேலும் கெடாமல் பெரும்பாலும் காக்கலாம்.

சித்ரா வால்வு

மனித உடலில் முதல் செயற்கை வால்வைப் பொருத்தியவர் அமெரிக்கரான சார்லஸ் ஹஃப்னகல். 1952இல் அவர் அதை இதயத்துக்குள் வைக்கவில்லை, கீழிறங்கும் பெருந்தமனியில் வைத்தார். இதயத்துக்குள்ளேயே வைத்து நிலைத்தது 1960இல் வந்த ஸ்டார்-எட்வர்ட்ஸ் பந்து வால்வு. ஹஃப்னகலிடம் பயின்று திரும்பியவர்தான் மாவேலிக்கரையில் பிறந்த எம்.எஸ். வலியத்தான் (1934–2024). திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்ரா திருநாள் நிலையத்தை வளர்த்தெடுத்த அவர், இறக்குமதி வால்வின் விலையை நம் நோயாளிகளால் தாங்க முடியாது என்று கண்டு, உள்நாட்டிலேயே செய்ய முனைந்தார்.

முதல் மூன்று மாதிரிகள் தோற்றன. ஒன்றில் டைட்டானியப் பற்றவைப்பு முறிந்தது, ஒன்றில் உலோகம் தேய்ந்தது, இன்னொன்றில் நீலமணித் தட்டு உடைந்தது. அந்தத் தோல்விகள் ஆய்வுக்கூடத்திலும் ஆடுகளிலும் வெளிப்பட்டன; மனிதரின் நெஞ்சுக்குள் போவதற்கு முன்பே பிடிபட்டன. வெளிநாட்டில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இதன் அருமை தெரியும். 1979 முதல் 1986 வரை உலகெங்கும் சுமார் 86,000 பேருக்குப் பொருத்தப்பட்ட பியர்க்-ஷைலி குழிகுவி வால்வில், தட்டைத் தாங்கும் கம்பி பற்றவைத்த இடத்தில் முறிந்து, நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள்.

நான்காவது மாதிரி நின்றது. கோபால்ட்-குரோமியக் கலவையில் ஒரே துண்டாகக் கடைந்த கூடு, அதற்குள் சாய்ந்து சாய்ந்து திறக்கும் பாலிஎத்திலீன் தட்டு, தைப்பதற்குப் பாலியஸ்டர் வளையம். 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். பிறகு ஆறு மருத்துவமனைகளில் 306 பேரிடம் சோதித்தார்கள். சென்னையின் டி.டி.கே. குழுமம் தயாரிப்பை ஏற்றது. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வால்வுகள் நெஞ்சுக்குள் போயிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை திறந்து மூடுகிறது.

ஏன் உறைகிறது

நம் ரத்தக்குழாயின் உட்சுவரில் ரத்தம் உறையாது. உலோகத்தையும் தையல் வளையத்தையும் தொட்டால் உறையும். அழுத்தம் குறைந்து ரத்தம் மெதுவாக ஓடுவதால் மைட்ரல் இடத்தில் வைத்த வால்வுக்கு ஆபத்து கூடுதல். அதனால்தான் வார்ஃபரின் அல்லது அசினோகுமரால் மாத்திரை வாழ்நாள் முழுவதும் வேண்டும். இங்கே பலருக்கும் அது 'அசிட்ரோம்', அல்லது வெறுமனே 'ரத்தம் உறையாத மாத்திரை'. கூடினால் ரத்தம் கசியும், குறைந்தால் கட்டும். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறோமா என்பதைச் சொல்வது ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை. மைட்ரல் வால்வுக்கு அது 2.5க்கும் 3.5க்கும் இடையிலும், பெருந்தமனி வால்வுக்கு 2க்கும் 3க்கும் இடையிலும் இருக்க வேண்டும்.

நோயாளி கையில் ஒரு சின்ன நோட்டு இருக்கும். ஒரு பக்கம் தேதி, எதிரே ஐ.என்.ஆர்., அதற்கெதிரே 'திங்கள் முதல் வெள்ளி 2 மி.கி., சனி ஞாயிறு 3 மி.கி.' என்று மருத்துவர் கையெழுத்து. மாத்திரையைப் பாதியாக, சில சமயம் காலாக, பிளேடால் கீறி உடைப்பார்கள். அந்த நோட்டில் தேதிகள் எங்கே நின்றுபோயின என்று பார்த்தாலே பாதி நோய் விளங்கிவிடும். மேலநீலிதநல்லூர் போன்ற ஊரில் இருப்பவருக்கு இந்தப் பரிசோதனை என்றால் சங்கரன்கோவிலுக்கு பஸ். எக்கோ என்ற இதய ஸ்கேனுக்கும் இதய மருத்துவருக்கும் திருநெல்வேலி. ஆபரேஷன் செய்துகொண்ட இடம் மதுரையாகவோ, ஆரியங்காவு தாண்டித் திருவனந்தபுரமாகவோ இருக்கும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஆபரேஷன் செலவைத் தாங்கும். தறி நெய்கிறவர் மாதம் ஒரு முறை அதை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போகிற நாளின் கூலியை யாரும் தருவதில்லை. வால்வில் கட்டி வருவதற்கு உலோகத்தைவிட இந்தத் தூரமே பெரிய காரணம் என்பேன்.

மற்ற காரணங்களும் உண்டு. பல் பிடுங்க வேண்டும் என்று மாத்திரையை நிறுத்திவிட்டு, பிறகு தொடங்க மறப்பது அடிக்கடி நடப்பது. சாதாரணமாகப் பல் பிடுங்க அதை நிறுத்தவே தேவையில்லை, ஐ.என்.ஆர். அளவுக்குள் இருந்தால் பல் குழியை அழுத்திப் பிடித்து, தையல் போட்டு நிறுத்திவிடலாம். முருங்கைக்கீரையில் வைட்டமின் கே நிறைய, அது மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும். அதற்காகக் கீரையையே ஒதுக்கச் சொல்வது தவறு. வாரத்துக்கு எவ்வளவு சாப்பிடுகிறோமோ அதையே சீராகச் சாப்பிட்டால் மாத்திரையின் அளவை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். புதிய வகை ரத்த உறைவெதிர்ப்பு மாத்திரைகளுக்குப் பரிசோதனை வேண்டாம் என்பதால், அவற்றுக்கு மாற்றித் தரும்படி கேட்பவர்கள் உண்டு. உலோக வால்வுக்கு அவை ஆகாது: டாபிகாட்ரான் வைத்து நடந்த ஆய்வு, கட்டியும் ரத்தக்கசிவும் கூடியதால் பாதியில் நிறுத்தப்பட்டு 2013இல் வெளியானது, அபிக்ஸபான் வைத்து நடந்த ஆய்வும் 2022இல் பாதியில் நிறுத்தப்பட்டது.

கண்டறிதல்

'படுத்தா மூச்சு முட்டுது, உட்கார்ந்தா தேவலை' என்பதுதான் வழக்கமாக வரும் முதல் பேச்சு. வால்வு வைத்தவர் இப்படிச் சொன்னால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை அது கட்டிதான் என்று கொள்ள வேண்டும். 'மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?' என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். 'எத்தனை நாளா போட முடியலை?' என்று கேட்டால் உண்மை வரும்.

அடுத்து ஸ்டெதாஸ்கோப். நல்ல உலோக வால்வு ஒவ்வொரு துடிப்பிலும் கூர்மையாக 'டிக்' என்று கேட்கும். அந்த ஒலி மங்கினாலோ மறைந்தாலோ தட்டு சிக்கியிருக்கிறது. சித்ரா வால்வில் இரண்டு சிரமங்கள். தட்டு பிளாஸ்டிக் என்பதால் ஒலி இயல்பாகவே மென்மை. அதே காரணத்தால் எக்ஸ்ரேயில் கூடு தெரியும், தட்டு தெரியாது. மற்ற வால்வுகளில் எக்ஸ்ரேத் திரையில் தட்டு ஆடுவதை நேராகப் பார்த்து ஐந்து நிமிடத்தில் முடிவு செய்யலாம். இங்கே அந்த வழி அடைபட்டுவிடுகிறது.

ஆகவே எக்கோ. மைட்ரல் வால்வின் குறுக்கே சராசரி அழுத்த வேறுபாடு இயல்பில் 5 மி.மீ. பாதரச அளவை ஒட்டி இருக்கும். கட்டி இருந்தால் இரட்டிப்பாகும். ரத்தசோகை, காய்ச்சல், கர்ப்பம் ஆகியவற்றிலும் அது கொஞ்சம் ஏறும் என்பதால், ஆபரேஷன் முடிந்தபின் எடுத்த முதல் எக்கோ அறிக்கையோடு ஒப்பிட்டாக வேண்டும். அந்தத் தாளைப் பத்திரப்படுத்துவது மாத்திரை போடுவதற்கு அடுத்தபடி முக்கியம். நெஞ்சின் மேல் வைத்துப் பார்க்கையில் உலோகத்தின் நிழல் விழுந்து மேலறை மறைந்துவிடும். உணவுக்குழாய் அந்த அறையை ஒட்டியே போவதால், எக்கோக் குழாயை விழுங்கச் செய்து பின்னாலிருந்து பார்த்தால் கட்டி தெளிவாகத் தெரியும்.

கட்டி போலத் தோன்றும் இரண்டைப் பிரித்தறிய வேண்டும். வருடக்கணக்கில் வளையத்தைச் சுற்றி மெல்ல வளரும் நார்த்திசுப் படலம் ஒன்று. மாத்திரை சரியாக எடுத்தவருக்கும் அது வரும், எந்த மருந்துக்கும் கரையாது. சி.டி. ஸ்கேனில் அடர்த்தி 145 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகுக்கு மேல் என்றால் படலம் என்றும், 90க்குக் கீழ் என்றால் கரையக்கூடிய கட்டி என்றும் கொள்ளலாம். மற்றது வால்வில் கிருமித் தொற்று. காய்ச்சலோடு வருபவருக்கு ரத்தத்தைக் கிருமி வளர்ப்புக்கு அனுப்பாமல் கட்டி கரைக்கும் ஊசி போட்டால் மூளையில் ரத்தக்கசிவு நேரலாம்.

சிகிச்சை

இரண்டு வழிகள்: மருந்தால் கரைப்பது, நெஞ்சை மறுபடி திறப்பது. 2020இன் அமெரிக்க வழிகாட்டி இரண்டையும் ஏற்கிறது. இந்தியாவில் பெரும்பாலும் முதலில் கையில் எடுப்பது ஸ்ட்ரெப்டோகைனேஸ். விலை குறைவு, உடனே தொடங்கலாம். முதல் அரை மணி நேரத்தில் 2.5 லட்சம் யூனிட், பிறகு மணிக்கு 1 லட்சம் யூனிட் என்று சொட்டுச் சொட்டாக ஏற்றி, இடையிடையே எக்கோ பார்ப்பார்கள். தட்டு விடுபடும் வேளையில் ஒலி திரும்பும். பக்கத்தில் நிற்கும் செவிலியருக்கும் அது கேட்கும் ஆறுதல். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 120 பேரிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வு, வேகமாக ஏற்றுவதால் கூடுதல் பலன் இல்லை என்று காட்டியது. முழுக் குணம் கண்டவர்கள் பத்துக்கு ஆறு பேர்தான். துருக்கியில் ஆல்டிபிளேஸ் மருந்தைக் குறைந்த அளவில் 25 மணி நேரம் மெதுவாக ஏற்றிய முறை நல்ல பலன் தந்திருக்கிறது. ஒரு முறை ஸ்ட்ரெப்டோகைனேஸ் எடுத்தவருக்கு உடலில் எதிர்ப்பொருள் உருவாகிவிடும். ஆகவே மறுமுறை கட்டினால் வேறு மருந்து தேட வேண்டும்.

கால் திடீரென்று வலித்து, வெளுத்து, சில்லிட்டு, நாடி அற்றுப்போனால் அது பிய்ந்து வந்த துணுக்கு. சுமார் ஆறு மணி நேரத்துக்குள் தொடையில் தமனியைத் திறந்து, 1960களின் தொடக்கத்தில் தாமஸ் ஃபோகார்ட்டி வகுத்த பலூன் குழாயை உள்ளே விட்டு, பலூனை உப்பி இழுத்தால் கட்டி வெளியே வந்துவிடும். எடுத்த துணுக்கைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். அதில் கிருமி இருந்தால் வால்வின் சிகிச்சையே மாறும்.

கர்ப்பம்

உலோக வால்வோடு வாழும் பெண்ணுக்கு மிகக் கடினமான காலம் இது. வார்ஃபரின் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வாரம் வரை சிசுவின் மூக்கெலும்பையும் குருத்தெலும்பையும் கெடுக்கும்; நாளுக்கு 5 மி.கி.க்கு உட்பட்ட அளவில் அந்த ஆபத்து குறைவு. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி சிசுவுக்குப் போகாது, ஆனால் வால்வைக் காப்பதில் மாத்திரைக்கு ஈடாகாது. நாள் தள்ளிப்போனது தெரிந்ததும், பிள்ளைக்கு ஆகாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு எதையும் போடாமல் இருந்துவிடுவதுதான் தாய்க்குப் பேராபத்து. கல்யாணப் பேச்சு எடுக்கும்போதே மருத்துவரிடம் இதைக் கலந்துகொள்வது நல்லது. பிரசவத்துக்குச் சில வாரம் முன்பு மாத்திரையிலிருந்து ஹெப்பாரினுக்கு மாறி, பிள்ளை பிறந்து ரத்தப்போக்கு அடங்கியதும் ஊசியையும், பிறகு மாத்திரையையும் மறுபடி தொடங்குவார்கள். வார்ஃபரின் தாய்ப்பாலில் ஏறக்குறையக் கலப்பதே இல்லை. அதைப் போட்டுக்கொண்டே பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம்.