பொத்தான்மேல் படிந்த பனி

வலைச்செயலியின் முகப்பில் திரும்பத் திரும்ப வரும் பொத்தான், பட்டி, நாட்காட்டி போன்ற உறுப்புகளை ஆயத்தமாகத் தரும் நிரல்தொகுப்பே காம்பொனென்ட் லைப்ரரி எனப்படுகிறது. யாகூ நிறுவனம் 2006இல் வெளியிட்ட ஒய்யூஐ, அடுத்த ஆண்டு வந்த ஜேகுவெரி யூஐ ஆகியவை இதன் முன்னோடிகள். ட்விட்டரின் உள்வேலைக்காக மார்க் ஓட்டோவும் ஜேக்கப் தார்ன்டனும் உருவாக்கி, 2011 ஆகஸ்டில் வெளியான பூட்ஸ்டிராப், பக்கத்தை நெடுவரிசைகளாகப் பகுத்து, வடிவமைப்பாளர் இல்லாத சிறு குழுவுக்கும் ஒழுங்கான முகப்பைத் தந்ததால் விரைந்து பரவியது. பல தளங்கள் ஒரே சாயலில் தோன்றத் தொடங்கியதும் அதனால்தான்.

தொகுப்பின் அழகை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பது போதாது என்பதை, யாகூ 2014இல் ஒய்யூஐ மேம்பாட்டை நிறுத்தியது உணர்த்தியது. பராமரிப்பவர் யார் என்ற கேள்வி முன்னுக்கு வந்தது. அதைவிட விசித்திரமானது 2018 டிசம்பர் 25இல் நடந்தது. சீனாவில் உருவான ஆன்ட் டிசைன் தொகுப்பில் சில மாதங்களுக்கு முன் அறிவிப்பின்றிச் சேர்க்கப்பட்டிருந்த வரிகள் அன்று இயங்கத் தொடங்கி, கிறிஸ்துமசுக்குத் தொடர்பே இல்லாத அலுவலகச் செயலிகளின் பொத்தான்கள்மீதும் வெண்பனியைப் படியவைத்தன. சுட்டியை அருகே கொண்டுசென்றால் 'ஹோ ஹோ ஹோ' என்ற எழுத்துகள் தோன்றின. பராமரிப்பாளர்கள் மன்னிப்புக் கேட்டுத் திருத்திய பதிப்பை வெளியிட்டனர். பதிப்பை மாற்றாமல் பூட்டிவைத்திருந்த எச்சரிக்கையானவர்கள் பலரும் இதற்குத் தப்பவில்லை. நாளைப் பார்த்து இயங்கும் அந்த நிபந்தனை, அவர்கள் பூட்டிவைத்த பதிப்புக்குள்ளேயே இருந்தது.