துப்பாக்கிக்குப் போட்டியாக ஒரு மேடை

'சிட்டி ஆஃப் காட்' (2002) படம் பார்த்திருக்கிறீர்களா? அதில் நடித்த இளைஞர்களில் சிலர் எங்கே நடிப்புக் கற்றார்கள் தெரியுமா? பிரேசிலின் ரியோ டி ஜெனீரோ நகரில், விடிகல் என்ற மலைச்சரிவுக் குடிசைப் பகுதியில்!

அங்கே 1986-ல் குட்டி ஃப்ராகா என்ற நடிகர் 'நோஸ் டோ மோரோ' நாடகக் குழுவைத் தொடங்கினார். 'குன்றில் வாழும் நாங்கள்' என்று அர்த்தம். போதைக் கும்பல் பையன்களுக்குக் காசும் கெத்தும் கொடுத்தது. அந்த அளவு காசு குழுவிடம் இல்லை. ஆனால் ஆளுக்கொரு வேலையும் ஊர் முன்னால் கைத்தட்டலும் கிடைத்தது. 2006-ல் ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்டிலேயே போய் அவர் நாடகத்தை நடித்தார்கள்.

இதனால் கும்பல் சண்டை ஒழிந்துவிடவில்லை. ஆனால் பி.காம் படிக்கும் எனக்குப் புரிவது இதுதான்: போட்டிக் கடை இல்லாத தெருவில் ஒரே கடைக்காரன் வைத்ததுதான் விலை. பையன்களிடம் "வன்முறை வேண்டாம்" என்று புத்தி சொன்னால் போதாது. சாயங்காலம் அவர்கள் போக வேறு ஓர் இடம் வேண்டும்.

உங்கள் ஊரில் அப்படி ஓர் இடம் இருக்கிறதா?