நூலால் மீட்ட உடம்பு: நாகர்கோவில் ரேந்தையும் அடிமைப் பிள்ளைகளும்

நாஞ்சில் நாட்டை நெற்களஞ்சியம் என்று எழுதியவர்கள் ஏராளம். அந்த நெல்லை விளைவித்தவர்களை என்ன விலைக்கு விற்றார்கள், யாரிடம் ஒத்தி வைத்தார்கள் என்று எழுதியவர்கள் கொஞ்சம்தான். அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளில் அடிமை விற்ற ஓலைகளும் கிடக்கின்றன. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அந்த ஓலைகளைத் தேடிப்போய்ப் பார்த்தார். பின்னால் அ.கா. பெருமாள் அவற்றைப் பற்றி விரிவாக எழுதினார். வயலை விற்கிறமாதிரி, மாட்டை விற்கிறமாதிரி மனுஷனையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

1836ஆம் ஆண்டு திருவிதாங்கூர் கணக்கெடுப்பில் மொத்த ஜனம் 12,80,668. அதில் அடிமைகள் 1,64,864. எட்டுப் பேருக்கு ஒருவர் அடிமை. பெரும்பாலும் புலையர், பறையர். இந்தக் கணக்கில் வருகிற சில பெண்பிள்ளைகள் செய்த ஒரு கைத்தொழிலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. சிறுதொழில், சுயதொழில் என்று இன்றைக்குப் பேசுகிற எல்லோரும் இந்தப் பிள்ளைகளிடமிருந்துதான் கதையைத் தொடங்க வேண்டும்.

தென் திருவிதாங்கூரின் சீர்திருத்தக் கிறிஸ்தவ வரலாறு மயிலாடியில் ஆரம்பிக்கிறது. அதை ஆரம்பித்து வைத்தவர் மகாராசன் என்ற சாம்பவர். தஞ்சாவூர் வரை போய் ஞானஸ்நானம் வாங்கி வேதமாணிக்கமாகத் திரும்பி வந்தார். அவர் கூப்பிட்டுத்தான் ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்தார். 1818இல் சார்லஸ் மீட் வந்தபிறகு மிஷனின் தலைமை இடம் நாகர்கோவிலுக்கு மாறியது. 1819இல் மீட் ஐயரின் மனைவி பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அந்த வருஷக் கடைசியில் வந்து சேர்ந்த மார்த்தா மால்ட் என்ற அம்மாள், 1821 வாக்கில் அந்தப் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். பழைய ஆட்கள் இதை ரேந்தை என்பார்கள். அது போர்த்துகீசியர் விட்டுப்போன சொல்.

தொழில் இப்படி: உருளைத் தலையணை ஒன்று. அதன்மேல் துளை குத்திய மாதிரி அட்டை. துளைக்குத் துளை குண்டூசி. நூல் சுற்றிய சின்னச் சின்ன மரக்குச்சிகள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். குச்சியை மாற்றி மாற்றிப் போட்டு, முறுக்கி, ஊசியில் அணைத்து, பின்னல் வளரவேண்டும். ஒரு விரற்கடை ரேந்தைக்கு எத்தனை நேரம், எவ்வளவு கண்பார்வை! விற்ற பணம் பள்ளிச் செலவுக்கும் போயிற்று, பின்னியவர்களுக்கும் கொஞ்சம் கிடைத்தது. அந்தக் கொஞ்சத்தைச் சேர்த்து வைத்து அடிமைப் பிள்ளைகள் சிலர் உடையவனுக்கு விலை கொடுத்துத் தங்களைத் தாங்களே மீட்டார்கள். மிஷனரிகளின் எழுத்திலேயே இது பதிவாகி இருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தை நாம் நிதானமாக யோசிக்க வேண்டும். நாஞ்சில் நாட்டில் அன்றைக்கு ஒரு புலையத்தியோ பறைச்சியோ வேறு என்ன தொழில் தொடங்கியிருக்க முடியும்? மோர் விற்றால் யார் வாங்கிக் குடிப்பான்? பலகாரம் சுட்டால் யார் தின்பான்? தொட்டால் தீட்டு, கிட்டே வந்தால் தீட்டு, இத்தனை அடி தள்ளி நிற்கவேண்டும் என்று கணக்கு. சந்தைக்குள் போக வழியில்லை. போகிற பாதையிலேயே நடக்க வழியில்லை. சுசீந்திரம் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்கு 1926இல்கூடச் சத்தியாகிரகம் செய்ய வேண்டியிருந்தது. டாக்டர் எம்.இ. நாயுடு முன்னால் நின்ற போராட்டம் அது. 1936 நவம்பரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தபிறகுதான் கோயில் கதவு திறந்தது. அதற்கு நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு அடிமைப்பெண் கடை போடுவது எப்படி?

ரேந்தை இந்த வேலியைத் தாண்டியதற்குக் காரணம் இருக்கிறது. பள்ளி வளாகத்துக்குள் உட்கார்ந்து செய்கிற வேலை அது. போட வேண்டிய முதல் நூலும் ஊசியும்தான், அதையும் மிஷன் கொடுத்தது. எல்லாவற்றுக்கும் மேலே, வாங்குகிறவன் ஊர்க்காரன் இல்லை. வெள்ளைக்காரத் துரைசானிகள் வாங்கினார்கள், கப்பலேறிச் சீமைக்கும் போனது. 1851இல் லண்டனில் நடந்த பெரிய பொருட்காட்சியில் நாகர்கோவில் ரேந்தையும் இருந்தது. பின்னிய கை எந்தச் சாதிக் கை என்று அங்கே யாரும் கேட்கவில்லை. ஊருக்குள் விலை போகாத உழைப்பு கடல் தாண்டி விலை போயிற்று.

ஆனால் அந்த முதல் வருமானம் எங்கே போனது? வியாபாரத்தில் முதல் லாபம் அடுத்த முதலாகும் என்பார்கள். இந்தப் பிள்ளைகளின் முதல் லாபம் உடையவன் மடியில் விழுந்தது. தன் உடம்புக்குத் தானே விலை கொடுத்தபிறகு கையில் மிஞ்சுவது வெறும் கை. அடிமைத்தனத்தின் கணக்கு உலகம் முழுக்க இப்படித்தான். 1833இல் பிரிட்டன் தன் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழித்தபோது இரண்டு கோடி பவுன் நஷ்டஈடு கொடுத்தது. முதுகு கிழிந்தவர்களுக்கு இல்லை, சவுக்கு வைத்திருந்தவர்களுக்கு. கம்பெனி ஆண்ட இந்தியப் பகுதிகளை அந்தச் சட்டம் தொடவே இல்லை. திருவிதாங்கூரில் அடிமைமுறையை முழுக்க ஒழித்த பிரகடனம் 1855 ஜூன் 24இல்தான் வந்தது. அதற்கு முன்னாலேயே நம்ம பிள்ளைகள் சிலர் நூல் பின்னித் தங்கள் பிரகடனத்தைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள்.

இன்னொரு கொடுமை. சீமைப் பெண்களின் கழுத்தையும் மார்பையும் அலங்கரிக்கப் பின்னியவர்கள் தங்கள் மார்பை மறைக்க அனுமதி கேட்டுக் கிடந்த காலம் அது. 1829இல் வந்த அரச உத்தரவு, கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் போடலாம், மேல்சீலை போடக்கூடாது என்றது. 1859 ஜூலை 26 பிரகடனம் சாணார் என்று அன்றைக்கு எழுதப்பட்ட நாடார் பெண்களுக்கு வழி விட்டது, அதுவும் மேல்சாதிப் பெண்கள் உடுக்கிற மாதிரி உடுக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. புலையர், பறையர் பெண்களின் பெயர் அதில் இல்லை. கழுத்தில் கிடந்த கல்மாலையைப் புலையப் பெண்கள் அறுத்து எறிவதற்குக் கொல்லம் பக்கத்துப் பெரிநாட்டில் 1915 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மிஷன் அம்மாக்கள் செய்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் நூல் அவர்களுடையது, மாதிரி அவர்களுடையது, விலை அவர்கள் சொன்னது, வாங்குகிறவன் முகவரி அவர்கள் கையில். பின்னுகிறவளுக்குக் கூலி மட்டும். ஆந்திராவில் நரசாபூர் லேஸ் பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்ற பெண்ணிய ஆய்வாளர் 1982இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அங்கேயும் தொழில் மிஷனில்தான் முளைத்தது. பிறகு வியாபாரம் ஆண்கள் கைக்குப் போயிற்று. நாளெல்லாம் பின்னுகிற பெண்ணைத் தொழிலாளி என்று யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டில் சும்மா இருக்கிற பெண், ஓய்வு நேரத்தில் ஏதோ பின்னுகிறாள் என்று சொல்லியே கூலியைக் குறைத்து வைத்தார்கள். நம்ம பக்கமும் லேஸ், எம்பிராய்டரி போடுகிற பெண்களைப் பற்றி, சும்மா இருக்கிற நேரத்துல போடுதாவ என்றுதானே பேச்சு? கண் மங்கிப்போனதுக்கு யார் கணக்கு வைத்தா?

இன்றைக்குத் தாட்கோ கடன் இருக்கிறது. 2016இல் வந்த ஸ்டாண்ட்அப் இந்தியா திட்டம் பத்து லட்சம் முதல் ஒரு கோடி வரை என்றது. கடன் வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் நம்ம ஆள் டீக்கடை போட்டால் ஊர்க்காரன் வந்து குடிப்பானா என்ற கேள்விக்கு எந்த வங்கி மேலாளரிடமும் பதில் இல்லை. அதனால்தான் நம்ம ஜனங்க ஊரை விட்டுத் தள்ளி, பேர் தெரியாத பட்டணத்தில் போய்க் கடை போடுகிறார்கள். இரண்டு நூற்றாண்டுக்கு முன்னால் ரேந்தை போன பாதை அது. வாங்குகிறவனை ஊருக்கு வெளியே தேடு என்பதை அந்தப் பிள்ளைகளிடம் கற்றுக்கொள்ளலாம். நூலும் விலையும் முகவரியும் உன் கையில் இருக்கட்டும் என்பது அவர்களுக்குக் கிடைக்காமல் போனது. அது நமக்குக் கிடைத்தாக வேண்டும்.

மீட் பெயரும் மால்ட் பெயரும் கட்டிடங்களிலும் புத்தகங்களிலும் இருக்கின்றன. தன்னை மீட்ட பிள்ளைகளில் ஒருத்தி பெயர்கூட நம்ம வாயில் இல்லை. மயிலாடி, நாகர்கோவில், நெய்யூர் பக்கத்து நண்பர்கள் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டிப் பாருங்கள். லேஸ் போட்ட பாட்டிமாரிடம் உட்கார்ந்து, யாரிடம் கற்றார்கள், யார் கூலி கொடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், அந்தக் காசில் என்ன வாங்கினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அவங்க இருக்கும்போதே எழுதுங்கள்.