இந்திரர் தேசம்: பௌத்தத் தோற்றம் குறித்த அயோத்திதாசரின் மாற்று வரலாறு

வேத வேள்விச் சமயத்திற்கு எதிர்வினையாகக் கங்கைச் சமவெளியில் தோன்றியது பௌத்தம் என்பதே பாடநூல்கள் தரும் வரலாறு. இதன்படி வேதம் முந்தியது, பௌத்தம் பிந்தியது. அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) இந்த வரிசையைத் தலைகீழாக்கினார். சித்த மருத்துவரான அவர் 1898இல் கர்னல் ஆல்காட்டின் துணையுடன் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றார். சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கி, அதில் ‘இந்திரர் தேச சரித்திரம்’, ‘புத்தரது ஆதிவேதம்’ ஆகியவற்றை எழுதினார்.

அவரது விளக்கம் இது: ஐம்பொறிகளை வென்றமையால் புத்தர் ஐந்திரர் எனப்பட்டார், அதுவே இந்திரர் ஆயிற்று. அவர் அறம் பரவிய நிலம் இந்திரர் தேசம். ‘இந்தியா’ அதன் திரிபு. அங்கு ஒழுக்கத்தால் உயர்ந்த பௌத்த அறவோரே ‘யதார்த்த பிராமணர்’. பின்னர் வந்தோர் அவர்களது கோலத்தையும் சொல்லையும் போலியாக மேற்கொண்டு ‘வேஷ பிராமணர்’ ஆயினர். அப்பொய்யை வெளிப்படுத்திய பௌத்தர்களே பறையர் என இழிக்கப்பட்டு ஊருக்கு வெளியே தள்ளப்பட்டனர். திருக்குறளை அவர் ‘திரிக்குறள்’ எனத் திரிபிடகத்தின் வழிநூலாகவே வாசித்தார்.

இச்சொல்லாராய்ச்சி மொழியியலில் நிற்காது. ‘இந்தியா’ சிந்து நதியின் பெயரிலிருந்து வந்தது. அதை மறைத்து அயோத்திதாசருக்கு வாதாட வேண்டியதில்லை. ஆனால் சட்டம் பயின்றவர் கண்ணுக்கு அவரது எழுத்து ஓர் உரிமைமூல வழக்கின் வாதுரையாகத் தெரியும். தன் நிலத்திலேயே அயலான் எனப்பட்டவன், தன் உரிமையே முந்தியது என விளம்பக் கோருகிறான். ஆவணக் காப்பகமோ எதிர்த்தரப்பின் கையில் இருக்கிறது. எனவே பண்டிகை, பழமொழி, ஓலைச்சுவடி, மருத்துவ மரபு எனச் சேரியில் எஞ்சியவற்றையெல்லாம் அவர் சாட்சியக் கூண்டில் ஏற்றுகிறார். தீண்டாமை கர்மவினையன்று, ஒரு தோல்வியின் விளைவு என்று நிறுவுவதே வழக்கின் சாரம். தோல்விக்கு மேல்முறையீடு உண்டு, கர்மவினைக்கு ஏது?

அம்பேத்கரும் வேறு சான்றுகளுடன் இதே திசையில் சென்றார். தீண்டத்தகாதோர் பௌத்தத்தைக் கைவிட மறுத்த சிதறுண்ட மக்கள் என 1948இல் வாதிட்டார். அவர் மறைவுக்குப் பின் 1957இல் வெளியான ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில், முதுமை, பிணி, சாவு கண்டு சித்தார்த்தர் துறவு பூண்டார் என்ற கதையை நிராகரித்தார். ரோகிணி ஆற்று நீருக்காகச் சாக்கியரும் கோலியரும் போரிடும் நிலை வந்தபோது அதை எதிர்த்ததே துறவுக்குக் காரணம் என்றார்.

குமரி மாவட்ட மாணவர்கள் இவ்விவாதத்தைத் தொலைவிலிருந்து பார்க்க வேண்டியதில்லை. சிதறால் மலையில் தீர்த்தங்கரர் சிற்பங்கள் சூழ இன்று பகவதி வழிபாடு நடக்கிறது. அது சமணத் தலம், பௌத்தத் தலமன்று; ஆயினும் ஒரு சமயத்தின் இடம் இன்னொன்றின் கோயிலாக மாறும் முறையை அங்கே கண்ணாலேயே காணலாம். பௌத்தக் காப்பியமான மணிமேகலையில், தன் பிழை தீரக் குமரிக்கு நீராட வந்த வாரணாசிப் பார்ப்பனப் பெண் சாலி, வழியில் ஈன்று கைவிட்ட குழந்தையே ஆபுத்திரன். அவன் பிறப்பைப் பழித்த அந்தணரிடம், உங்கள் முனிவர்களின் பிறப்பு எத்தகையது எனத் திருப்பிக் கேட்கிறான்.

இம்மாவட்டத்தில் வரலாறு வேறொரு வழியிலும் சென்றது. மயிலாடியைச் சேர்ந்த சாம்பவரான வேதமாணிக்கம் அழைக்க, 1806இல் ரிங்கல்தௌபே திருவிதாங்கூர் வந்தார். தலித் மக்கள் பலர் சீர்திருத்தக் கிறித்தவத்தில் சேர்ந்தனர். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை, பத்தி 3, பொதுவாக இந்துக்களை மட்டுமே ஏற்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் இசுலாமியரும் இன்றும் வெளியே. இதனை ஆராய 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையம் அமைக்கப்பட்டது. ஒரே வீட்டில் தம்மம் ஏற்ற அண்ணனுக்குச் சாதிச் சான்று தொடரும். திருமுழுக்குப் பெற்ற தம்பிக்குக் கிடையாது. தெரு இருவருக்கும் ஒன்றே.

இதில் ஒரு முரணும் உண்டு. அரசமைப்பின் 25ஆம் பிரிவு, இரண்டாம் விளக்கம், கோயில் நுழைவு, சமூகச் சீர்திருத்தம் பற்றிய உட்பிரிவின் நோக்கத்திற்காகச் சீக்கியர், சமணருடன் பௌத்தரையும் ‘இந்துக்கள்’ என்னும் சொல்லுக்குள் அடக்குகிறது. அயோத்திதாசர் மறுத்த வரிசைமுறை அதுவே.