கல்லூரித் தீமையும் அதன் வேரும்: ருஷ்ய மாணவ எழுத்துக்கள் பற்றிய ஒரு குறிப்பு

கல்லூரி வாழ்வின் தீமைகள் குறித்து மாணவர் எழுதியவற்றை வரலாற்று அடிப்படையில் நோக்குமிடத்து, இரு போக்குகளை இனங்காணலாம். சோம்பல், குடி, ஆடம்பரம் முதலியவற்றைத் தனிமனித ஒழுக்கக் கேடுகளாகக் கண்டு அறிவுரை கூறுவது ஒன்று. அவற்றைத் தோற்றுவிக்கும் நிறுவனத்தையே விசாரணைக்கு உட்படுத்துவது மற்றையது. பின்னைய போக்குத் தெளிவாக உருப்பெற்ற களங்களுள் ஒன்று, பண்ணையடிமை முறை தகர்ந்துகொண்டிருந்த ருஷ்யாவாகும்.

பிரபு வம்சத்தைச் சாராத, பெரும்பாலும் கீழ்நிலைக் குருமார் குடும்பங்களிலிருந்து வந்த புதிய அறிவாளர் குழாமே அங்கு இவ்விசாரணையை முன்னெடுத்தது. தோப்ரலியூபவ் பீற்றர்ஸ்பேர்க் தலைமைக் கல்வியியல் நிறுவனத்தில் பயின்ற காலத்தில், 1855இல், ‘வதந்திகள்’ என்ற கையெழுத்து ஏட்டை இரகசியமாக நடத்தினார். நிறுவன அதிபரின் கொடுங்கோன்மையை எதிர்த்த அதே மாணவர், நாட்டின் எதேச்சாதிகாரத்தையும் சாடினார். இவ்விரண்டும் வேறல்ல என்ற உணர்வு ஈண்டு முளைகொள்கிறது.

அவ்வுணர்வை இலக்கியமாக்கியவர் பொம்யலோவ்ஸ்கி. சமயக் குருமாரைப் பயிற்றும் பள்ளியிலும் கல்லூரியிலும் அவர் பதினான்கு ஆண்டுகளைக் கழித்தார். நானூறு தடவைகள் வரை கசையடி பட்டவர் அவர். அவ்வனுபவத்தின் பேறாகிய ‘பூர்சாச் சித்திரங்கள்’ 1862–63இல் சஞ்சிகைகளில் வெளிவந்தன. பொருள் விளங்காத மனனம் அங்கே கல்வி. கசையடி அதன் காவலன். எனினும் நூலின் நுட்பம் வேறொன்றில் உள்ளது. பாடம் ஒப்புவிப்பதைக் கேட்டுப் புள்ளியிடும் அதிகாரம் மாணவருள் சிலருக்கே வழங்கப்படுகிறது. அவ்வதிகாரம் பெற்ற தாவ்லியா என்பவன் லஞ்சம் வாங்குகிறான். சக மாணவருக்கே கடுவட்டிக்குக் கடன் கொடுக்கிறான். ஒடுக்கப்பட்டோர் நடுவிலேயே ஒடுக்குவோன் உருவாக்கப்படுகிறான். மேலும், இறந்த குருவின் மகளை மணப்பவனுக்கே அவர் வகித்த பதவி என்ற வழக்கத்தைச் சித்திரிக்கும்போது, கல்வி, திருமணம், பிழைப்பு ஆகிய மூன்றும் ஒரே பொருளியற் கட்டில் பிணைந்திருத்தல் புலனாகிறது.

பிசாரெவ் 1863இல், சிறையிலிருந்தவாறே, ‘நமது பல்கலைக்கழக அறிவியல்’ என்ற கட்டுரையை எழுதினார். இங்கே கசையடி இல்லை. ஆயின் தமக்கே விளங்காத ஜெர்மானிய மொழியியல் நூலை மொழிபெயர்த்துச் சுருக்கி மாணவ அறிஞராக மதிக்கப்பட்ட தம் கதையை அவர் எள்ளலுடன் கூறுகிறார். மனனம் இங்கு ஆராய்ச்சி வேடம் பூண்டிருந்தது. 1866இல் வெளிவந்த பிறிதொரு கட்டுரையில், பொம்யலோவ்ஸ்கியின் பள்ளியைத் தொஸ்தொயெவ்ஸ்கி தீட்டிய சைபீரியச் சிறையுடன் அவர் ஒப்பிட்டார்.

எனினும் பிசாரெவ் கண்ட தீர்வு பெரிதும் இயற்கை விஞ்ஞானக் கல்வியும் சுயசிந்தனையுமே. வறிய மாணவருக்கான கட்டண விலக்கை 1861ஆம் ஆண்டு விதிகள் கட்டுப்படுத்தியபோது, பீற்றர்ஸ்பேர்க் மாணவர் வீதிக்கு இறங்கினர், பல்கலைக்கழகம் மூடப்பட்டது. யார் கற்கலாம் என்ற வினாவை எழுப்பியவர்கள் அவர்களே. அவ்வினாவுக்குப் பாடத்திட்டச் சீர்திருத்தம் மட்டும் விடையாகாது.

பொம்யலோவ்ஸ்கி குடிக்கு அடிமையாகி 1863இல், 28 வயதில் மறைந்தார். ஒழுக்கவாதி இதில் ஒரு மாணவனின் தீய பழக்கத்தைக் காண்பான். அப்பழக்கம் எங்கே கற்பிக்கப்பட்டது என்று கேட்பதே வரலாற்று மாணவனின் கடமையாகும். மனனத்தையும் பரீட்சையையும் கல்வியென மயங்கும் சூழலில் வாழும் நமக்கும் அக்கேள்வி அந்நியமானதன்று.