துப்புரவும் அழிவும்: லினக்ஸ் பொதியாக்கத்திற் காப்பு முறைகளின் வளர்ச்சி

மென்பொருள் வரலாற்றை எழுதுவோர் ஆக்கத்தைப் பற்றியே பெரிதும் பேசுவர். ஆக்கம் முடிந்த பின் நிகழும் துப்புரவு அவர்தம் கவனத்தை அரிதாகவே பெறுகின்றது. எனினும், லினக்ஸ் பொதியாக்க மரபிற் பேரபாயம் மறைந்திருந்தது அத்துப்புரவிலேயே எனலாம்.

1993 இல் டெபியன் திட்டமும் 1995 இல் றெட் ஹற் நிறுவனத்தின் ஆர்.பி.எம். முறையும் தோன்றின. இவற்றின் வழி வளர்ந்த பொதியாக்கத்தில், மூலநிரலிலிருந்து உருவாகும் கோப்புகள் முதலில் தற்காலிக அடைவொன்றில் நிறுவப்பட்டு, பின்னர் பொதியாகத் திரட்டப்படும். முன்னைய ஆக்கத்தின் எச்சங்கள் அவ்வடைவில் தங்கிவிடின், அவை புதிய பொதியினுட் புகுந்துவிடும். ஆகவே அவ்வடைவை முற்றாக நீக்குதல் இன்றியமையாததாயிற்று.

நீக்க வேண்டிய அடைவின் பெயர் ஒரு மாறியில் வைக்கப்பட்டிருக்கும். ‘ஆர்எம்’ எனும் நீக்கற் கட்டளை, உரிய தெரிவுகளுடன் ஏவப்படுமிடத்து, அம்மாறி சுட்டும் அடைவை அதன் உள்ளடக்கத்துடன் வினவாது அழிக்கும். மாறியின் பெறுமானம் தவறுதலாக மூல அடைவைக் குறிக்கும் ‘/’ என அமைந்துவிடின், அழிவது கணினியின் கோப்புகள் அனைத்துமாகும். சாதாரண பயனருக்கு அத்துணை அதிகாரம் இல்லை. ஆயினும், தொடக்க காலத்திற் பொதிகளை ‘ரூட்’ எனும் உச்ச அதிகாரப் பயனராக நின்று ஆக்கும் வழக்கம் பரவலாக இருந்தது.

இதற்கு முதலில் எழுந்த பரிகாரம் எளியது. மாறி ‘/’ அன்று என உறுதிசெய்த பின்னரே நீக்குமாறு ஒரு நிபந்தனை சேர்க்கப்பட்டது. ஆனால் அதனை ஒவ்வொருவரும் மறவாது எழுதவேண்டியிருந்தது.

அடுத்து, அதிகாரத்தைக் குறைக்கும் வழி நாடப்பட்டது. 1997 அளவில் டெபியன் சூழலில் உருவான ‘பேக்ரூட்’, சாதாரண பயனரே பொதியாக்கத்தை நிறைவு செய்ய உதவிற்று. 2006 இல் குனூ ‘ஆர்எம்’ கட்டளையும் மூல அடைவை நேரே நீக்க இயல்பாகவே மறுக்கத் தொடங்கியது.

இம்மறுப்பு மட்டும் போதாது என்பதை 2015 ஆம் ஆண்டு நிகழ்வொன்று காட்டிற்று. ‘ஸ்ரீம்’ விளையாட்டு மென்பொருளின் லினக்ஸ் நிரலொன்றில், அடைவின் பெயரைத் தாங்கவேண்டிய மாறி வெறுமையானது. அதன் பின் நின்ற ‘/*’ எனும் குறியீடு மூல அடைவின் உட்பிரிவுகளாக விரிந்தது. பயனரின் சொந்தக் கோப்புகள் அழிந்தன. கட்டளைக்கு எட்டியவை உட்பிரிவுகளின் பெயர்களேயன்றி ‘/’ அன்று. எனவே காப்பு விழித்தெழவில்லை. இது பொதியாக்கத்தின்போது நிகழ்ந்ததன்றாயினும், தவறின் இயல்பு ஒன்றே.

பொதியாக்கத்தில் இதனினும் உறுதியான மாற்றம் ஏற்கனவே தொடங்கியிருந்தது. 2009 இல் வெளிவந்த ஆர்.பி.எம். 4.6, ஆக்குநர் குறிப்பிடும் தற்காலிக அடைவைப் பொருட்படுத்தாது தானே ஓரிடத்தை வகுத்துக்கொண்டது. 2010 இல் வெளியான பெடோரா 13 முதல், துப்புரவுப் பகுதியை எழுதவேண்டிய தேவையும் நீங்கிற்று.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓருண்மை புலப்படும். ‘கவனமாயிரு’ எனும் அறிவுரை தனிமனிதனின் நினைவாற்றலையே நம்பி நின்றது. நினைவு தவறிய ஒரு கணமே அழிவுக்குப் போதுமாயிற்று. அபாயமான வரியை மனிதன் எழுதவேண்டிய தேவையையே அகற்றிய ஒழுங்கமைப்பே நிலையான காப்பைத் தந்தது.