கல்லில் எழுதிய நல்ல நாள்

கல்யாணப் பத்திரிகையில் யாரும் நின்று படிக்காத வரி ஒன்று உண்டு. இன்ன வருடம், இன்ன மாதம், இத்தனாம் தேதி, வளர்பிறை தசமி திதியும் உத்திர நட்சத்திரமும் கூடிய சுபயோக சுபதினம். அச்சகத்தில் பழைய பத்திரிகையைப் பார்த்து மாற்றிப் போடும் இந்த வாய்பாட்டுக்குத் தென்காசிப் பக்கம் ஐந்நூறு வயதுக்கு மேல் ஆகிறது.

தென்காசியிலிருந்து ஆண்ட பிற்காலப் பாண்டியர்களின் கல்வெட்டுகள் சக ஆண்டு, மாதம், தேதி, பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம் என்று வரிசையாக அடுக்கும். அவர்களில் பராக்கிரம பாண்டியன் 1446-இல் காசி விசுவநாதர் கோயிலைத் தொடங்கினான். 1457-இல் கோபுரத்தில் கைவைத்தான். நாளும் கோளும் பார்த்த காலம்தான். ஆனாலும் கோபுரம் முடிவதைக் காண அவனுக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1463-இல் இறந்துபோனான், வேலையை முடித்தவன் தம்பி குலசேகரன்.

ராஜாக்கள் பார்த்த நாளால் உறுதியாகப் பலன் கண்டவர்கள் வரலாற்றாய்வாளர்கள்.

சூரியனை விட்டுச் சந்திரன் 12 பாகை விலக எடுக்கும் நேரம் ஒரு திதி. சந்திரன் ஒரே வேகத்தில் போவதில்லை. அதனால் ஒரு திதி சுமார் 19 மணி நேரத்திலும் முடியும், 26 மணி வரையும் நீளும். கிழமையோ அதன்போக்கில் ஏழேழு நாளாகச் சுற்றும். குறித்த மாதத்தில் குறித்த திதியும் நட்சத்திரமும் கிழமையும் ஒன்றாக வருவது அபூர்வம். 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டுகள் பலவற்றில் ஆட்சியாண்டைத் தவிர வேறு ஆண்டுக் கணக்கே இல்லை. பெயரோ திரும்பத் திரும்ப ஒரே சுந்தர பாண்டியன். எந்தச் சுந்தர பாண்டியன் என்று பிரித்துக் காட்ட இந்தப் பஞ்சாங்கக் குறிப்புதான் கைகொடுத்தது. ஜெர்மானிய அறிஞர் கீல்ஹார்ன் பாண்டியர் தேதிகளை இப்படித்தான் சோதித்தார். எல்.டி. சுவாமிக்கண்ணு பிள்ளை 1922-இல் கி.பி. 700 முதல் 1799 வரைக்கும் அட்டவணையே போட்டுக் கொடுத்துவிட்டார்.

கல்தச்சன் தவறும் இதில் அகப்படும். குற்றாலம் சித்திரசபையில் தாண்டவ தீபாராதனை நடக்கும் மார்கழித் திருவாதிரை எப்போதும் பௌர்ணமியை ஒட்டியே வரும். அந்த நாளை ஒரு கல் அமாவாசை என்று சொன்னால், கணக்கு போடவே வேண்டாம். ஊர்ப் பாட்டியே சிரித்துவிடுவாள்.

தென்காசிக் கோயிலின் அண்மைக் கும்பாபிஷேகம் 2025 ஏப்ரல் 7, திங்கட்கிழமை, வளர்பிறை தசமியில் நடந்தது. முந்தின நாள் நவமி. அஷ்டமி, நவமியில் நல்ல காரியம் தொடங்க இந்தப் பக்கம் இன்றும் பலருக்கு மனம் வராது.